இரட்டைப் பச்சைக்கு ஒரு நன்றிச் சீட்டு

லாண்டரி அக்காவுக்கு ஆட்களின் பெயர் மனதில் தங்காது, குறிதான் தங்கும். கடைக்கு வரும் ஒவ்வொருவர் துணியிலும் காலரின் உள்பக்கம் வண்ண நூலால் ஒரு சின்னக் குறி போட்டுவிடுவது அவள் வழக்கம். சிவப்பில் ஒரு தையல் என்றால் தபால் நிலைய அதிகாரி. மஞ்சளில் பெருக்கல் குறி என்றால் பல் டாக்டர். அவர் தெருவில் எதிரே வந்தால்கூட அக்காவின் மனம் முதலில் ‘மஞ்சப் பெருக்கல் வருது’ என்றுதான் சொல்லும். அதற்குப் பிறகுதான் வாய் "வாங்க டாக்டர்" என்று திறக்கும்.

கடை இருந்தது படகுத்துறைக்கு இறங்கும் தெருவில். ஆற்றின் எதிர்க்கரையில் சட்டசபை. சபை கூடும் காலத்தில் வெளியூர் உறுப்பினர்களின் சட்டைகள் விடுதியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். யாருக்குக் கழுத்து பெருத்திருக்கிறது, யார் மேசையில் முழங்கையை ஊன்றித் தூங்குகிறார் என்பதெல்லாம் செய்தித்தாளுக்கு முன்பே அந்தக் கடைக்குத் தெரிந்துவிடும். அக்காவின் நாத்தனார் கஞ்சி போடும் தொட்டியருகே நின்றுகொண்டு, "அண்ணி, இந்த ஆளு நேத்து என்னமோ கொள்கை பேசினாரே, சட்டையெல்லாம் குழம்பு" என்பாள். அவளுக்கு அரசியல் அந்த அளவுக்குத்தான்.

ஆனால் கடைக்குச் சோறு போட்டது உறுப்பினர்களின் சட்டை அல்ல. சக்கரக்காரியின் விரிப்புகள்.

சக்கரக்காரி என்பது ஒரு படகு. பின்னால் வீட்டு உயரத்துக்கு ஒரு துடுப்புச் சக்கரம், நடுவில் நீராவி இன்ஜின், கீழே இரும்பு உடம்பு, அதன்மேல் இரண்டு அடுக்காக மரத்தளம். பதிவேட்டில் அதற்கு வேறு ஏதோ பெயர். அந்தப் பெயரைச் சொன்னால் துறையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சாயங்காலம் புறப்பட்டு ஆற்றின் மேலே போய், இரவு முழுக்க ஊர்ந்து, விடிந்ததும் மலையடிவாரத்தில் பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பும். மேல்தளத்தில் ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்குக் கேபின்கள். அவற்றின் ஒடுக்கமான விரிப்புகள் எல்லாம் அக்காவின் கடையில்தான் வெளுத்தன. படகின் இன்ஜின்காரர் அவளுடைய வீட்டுக்காரர். கல்யாணமான நாள்முதல் வாரத்தில் பாதி ராத்திரி அவர் ஆற்றில்தான் கழித்தார். "என் சக்களத்திக்குத் தண்ணி காட்டிட்டு வாங்க" என்று அக்கா சோற்று டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்புவாள். அவரும் சிரித்துக்கொண்டே போவார்.

அந்தப் படகு நிற்கப்போகிறது என்ற செய்தி ஒருநாள் துறையில் ஒட்டிய அறிவிப்பாக வந்தது.

கதை பழையது. பல வருஷங்களுக்கு முன், அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடிக்கொண்டிருந்த மரப்படகு ஒன்று நடு ஆற்றில் தீப்பிடித்து, ஏறினவர்களில் பலர் கரை சேரவில்லை. அதற்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது. மரத்தளம் உள்ள எந்தப் படகும் பயணிகளை ஏற்றக் கூடாது. சக்கரக்காரிக்கு மட்டும், பழம்பெருமை உள்ள படகு என்று விலக்கு கொடுத்தார்கள். சில வருஷங்களுக்கு ஒருமுறை சபை அதைப் புதுப்பிக்கும். கையைத் தூக்குவார்கள், கையை இறக்குவார்கள், அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இந்தத் தடவை நீர்வழிக் குழுவின் தலைவர் அதை விவாதத்துக்கே எடுக்க மாட்டேன் என்றார். சபை கலைவதற்குள் எடுக்காவிட்டால் விலக்கு தானாகச் செத்துவிடும். படகுக் கம்பெனி அதைப் பழைய இரும்புக்குப் போட ஆள் பார்த்து வைத்திருந்தது.

இன்ஜின்காரருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. கடலோரத் துறைமுகம் ஒன்றில் மண் அள்ளும் கப்பலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை லீவு.

"வாரத்துல பாதி நாள் வர்ற புருஷன், வருஷத்துல பாதி மாசம் வருவார்" என்றாள் அக்கா. நாத்தனார் வழக்கமாக இதற்கு ஏதாவது குத்தலாகச் சொல்வாள். அன்றைக்குக் குனிந்து கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

சக்கரக்காரியைக் காப்பாற்றச் சேர்ந்த கூட்டத்துக்குப் பல் டாக்டர்தான் தலைவர். அவருடைய காத்திருப்பு அறையில்தான் கூட்டம் நடக்கும். சுவரில் இளித்துக்கொண்டிருக்கும் பற்களின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து எல்லாரும் டீ குடிப்பார்கள். டாக்டரிடம் பல் பார்க்கும் உறுப்பினர்கள் சிலர் இருந்தார்கள். நாற்காலியில் சாய்த்து, வாயில் பஞ்சைத் திணித்துவிட்டு, சக்கரக்காரியின் வரலாற்றை முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார்.

"எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை தெரியுமா?" என்று பெருமைப்படுவார்.

"எப்படிப் பேசுவாங்க டாக்டர், வாயில உங்க கை இருக்கே" என்பாள் அக்கா.

கையெழுத்து வாங்கினார்கள். கூட்டமாகப் போய் உறுப்பினர்களை வாசலில் மறித்தார்கள். "பார்க்கலாம்" என்ற வார்த்தையை அந்த மாதத்தில் அவர்கள் கேட்ட அளவுக்கு வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்போதுதான் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. எத்தனை பேர் வாசலில் நின்றாலும் சட்டைப் பைக்குள் போக முடியாது. அவளால் முடியும்.

தேய்த்து மடித்த ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு சீட்டு. இன்னும் பிடி கொடுக்காதவர்களுக்கு: ‘சக்கரக்காரியை ஓடவிடுங்கள். இப்படிக்கு, இந்தச் சட்டையைத் தேய்த்தவர்.’ ஆதரவு தருகிறேன் என்று சொல்லிவிட்டவர்களுக்கு வேறு சீட்டு. அது அக்காவே எழுதியது: ‘நீங்கள் செய்ததற்கு மிக்க நன்றி. உங்களால் எங்கள் வீட்டில் நிம்மதி. இப்படிக்கு, இந்தச் சட்டையைத் தேய்த்தவர்.’

"இன்னும் ஓட்டே போடலை, அதுக்குள்ள எதுக்கு நன்றி?" என்று டாக்டர் கேட்டார்.

"கேட்கிறதுக்கு ஊரே வரிசையில நிக்குது டாக்டர். நன்றி சொல்ல ஒருத்தராவது போகட்டுமே. அப்புறம் மாறணும்னு நெனைச்சாலும் கூச்சமா இருக்கும்."

ஒரே ஒருவருக்கு மட்டும் எந்தச் சீட்டும் வைக்கக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. குழுத் தலைவருக்கு. மனிதர் முன்கோபி. வீணாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றார். தலைவர் உள்ளூர்க்காரர், அக்காவின் நெடுநாள் வாடிக்கை. குறி, இரட்டைப் பச்சை.

தப்பு நடந்தது இப்படித்தான். ஒற்றைப் பச்சை என்று ஒருவர் இருந்தார். வெளியூர் உறுப்பினர், முதல் ஆளாக ஆதரவு சொன்னவர், தங்கமான மனிதர். தலைவருடைய சட்டை ஒன்றில் பச்சைத் தையல் இரண்டில் ஒன்று, வெளுத்து வெளுத்து நைந்து, அந்த வாரம் தண்ணீரோடு போய்விட்டது. சட்டையைத் தேய்த்த நாத்தனார் ஒற்றைப் பச்சையைக் கண்டாள், நன்றிச் சீட்டை வைத்தாள், அந்த அடுக்கில் போட்டாள். அவள் மேல் தப்பில்லை. பொட்டலம் கட்டும்போது அக்கா அந்தச் சட்டையைக் கையில் எடுத்ததுமே காலர் அளவைப் பார்த்து, ‘இது ரெட்டைப் பச்சையோடதாச்சே’ என்று சரியான பொட்டலத்துக்கு மாற்றினாள். பையைத் தொட்டுப் பார்க்கவில்லை. அவள் மேலும் தப்பில்லை. ஆளுக்கொரு சரியான வேலையைச் செய்து, இரண்டு பேருமாகச் சேர்ந்து சீட்டைக் கொண்டுபோய்ச் சிங்கத்தின் பைக்குள் போட்டார்கள்.

சில நாள் கழித்து, முற்பகலில் கடை வாசலில் ஒரு கார் நின்றது. இறங்கியவர் நேராகக் கல்லாவுக்கு வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது உங்க கடைதானே?"

அக்கா பார்த்தாள். அவள் எழுதிய நன்றிச் சீட்டு. பின்னால் கஞ்சித் தொட்டியருகே இருந்த நாத்தனார் சத்தமில்லாமல் உள்ளே நழுவினாள்.

"ஆமாங்க சார்."

"நான் யாருன்னு தெரியுதா?"

ரெட்டைப் பச்சை என்று நாக்கின் நுனிவரை வந்தது. "தெரியுது சார்."

"உங்க படகை எடுக்க மாட்டேன்னு சொன்னவன் நான். தெரிஞ்சும் நன்றியா? நக்கலா?"

அக்காவுக்குப் பொய் அவ்வளவு சுலபமாக வராது. வந்தாலும் அதை நாத்தனார்தான் நம்புவாள். "நக்கல் இல்லை சார். தப்பு நடந்துபோச்சு. உங்க சட்டையில ஒரு தையல் உதிர்ந்துடுச்சு. வேற ஒருத்தருக்குப் போக வேண்டிய சீட்டு."

"வேற ஒருத்தருக்கு."

"ஆமாங்க. மன்னிச்சுக்கங்க."

"அதானே பார்த்தேன்" என்றார் தலைவர். கத்துவார் என்று அக்கா காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. சீட்டை எடுத்து, இருந்த மடிப்பின்மேலேயே திரும்ப மடித்தார். கிழிக்கவில்லை. "கிளம்புறப்போ பையில தட்டுப்பட்டுச்சு. வீட்டுல சத்தமா படிச்சுட்டேன். என் சம்சாரம் கேட்டா, ‘யாருக்கு என்ன செஞ்சீங்க?’ன்னு. யோசிச்சேன். எனக்கே தெரியலை. இத்தனை வருஷம் பதவியில இருக்கேன். திட்டி வர்ற கடுதாசிக்கு ஒரு ஆளே தனியா வெச்சிருக்கேன். சரி, யாருன்னு கேட்டுட்டு வரலாமேன்னு வந்தேன்."

திரும்பினார். அந்தத் திரும்பலில் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. சட்டைகளைத் தோள் தோளாகப் பார்த்துப் பழகிய அக்காவுக்கு அது கண்ணில் பட்டது. அதே நேரம் வாசலுக்கு அப்பால், ஆற்றில், அக்கரைப் படகு இரும்பு உடம்பு மினுங்க வந்துகொண்டிருந்தது. அக்காவின் மகள் எதிர்க்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் அதில்தான் போவாள், சாயங்காலம் அதில்தான் வருவாள்.

"சார், கொஞ்சம் நில்லுங்க."

அவர் நின்றார்.

"அன்னிக்கு மரப்படகு எரிஞ்சப்போ நீங்க இந்த வார்டு கவுன்சிலர். இதே வாசல்ல வந்து நின்னீங்க. ஒடம்பெல்லாம் சேறு. ‘வெள்ளைத் துணி ஏதாவது இருக்கா, போர்த்தறதுக்கு’ன்னு கேட்டீங்க."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "விரிப்பு கொடுத்தீங்க. தேய்ச்சு வெச்சிருந்தது. சூடு ஆறலை."

"சக்கரக்காரி விரிப்பு."

"நான் திருப்பிக் கொடுக்கலை."

"யாரு சார் அதைத் திருப்பிக் கேட்பா?" அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அப்புறம் நீங்க சபைக்குப் போனீங்க, சட்டம் வந்துச்சு. நீங்கதான் மல்லுக்கட்டிக் கொண்டுவந்தீங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. படகெல்லாம் இரும்பா மாறுச்சு. அன்னிலேருந்து அந்தத் துறையில ஒரு உயிர் போகலை. என் பொண்ணு தெனம் போறா, வர்றா. நான் ஒருநாள்கூட வாசல்ல வந்து நின்னு ஆத்தைப் பார்த்ததில்லை. என் பாட்டுக்கு இஸ்திரி போட்டுட்டிருக்கேன். சீட்டு தப்பா வந்ததுதான். ஆனா வெச்சுக்கங்க சார். உங்களுக்கும் கொடுத்திருக்கணும், எப்பவோ. எங்களுக்குத் தோணலை."

இதைச் சொல்லும்போது படகு விஷயம் அவள் நினைப்பிலேயே இல்லை. சொல்லி முடித்தபிறகுதான் நினைவு வந்தது. ஆனால் அப்போது கேட்கக் கூச்சமாக இருந்தது. நன்றியைக் கொடுத்துவிட்டு உடனே கையை நீட்டுவதுபோல.

கேட்டது அவர்தான். "உங்க வீட்டுக்காரர்தானே இன்ஜின்காரர்? அவர்கிட்ட ஒரு கேள்வி கேட்கணும். படகுல வெச்சு."

கார் தெருவைத் தாண்டியதும் நாத்தனார் வெளியே வந்தாள். "அண்ணி, அவர் உன்னை அடிப்பார்னு நெனைச்சு வாளித் தண்ணியோட நின்னேன்."

"எதுக்குத் தண்ணி?"

"மயக்கம் போட்டா தெளிக்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

தலைவர் படகைப் பார்க்க வருகிறார் என்றதும் பல் டாக்டர் நிலைகொள்ளாமல் தவித்தார். இன்ஜின்காரரை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். "என்ன கேட்டாலும் முழுப் பாதுகாப்புன்னு சொல்லணும். யோசிக்கக் கூடாது. யோசிச்சா சந்தேகம் வரும்."

"சரிங்க டாக்டர்" என்றார் இன்ஜின்காரர். இன்ஜினைத் தவிர வேறு யாரோடும் வாதாடாத மனிதர்.

வந்த அன்று தலைவர் கீழ்த்தளத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. கொதிகலனைப் பார்த்தார், குழாய்களைப் பார்த்தார், நேராக மேல்தளத்துக்கு ஏறினார். கேபின்களுக்கு நடுவே போகும் சந்து ஓர் ஆள் அகலம்தான். சுவர்ப் பலகையை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். வெயிலில் காய்ந்து காய்ந்து மத்தளம்போலச் சத்தம் வந்தது. அவருக்குப் பின்னால் இன்ஜின்காரர், அவருக்குப் பின்னால் டாக்டர். சந்தின் கடைசியில், வெளுத்த விரிப்புகளை மார்போடு அணைத்தபடி அக்கா. அன்றைய பயணத்துக்கு விரிப்பு மாற்ற வந்தவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

"ஒரே கேள்விதான்" என்றார் தலைவர். "நடுராத்திரி. ஆத்து நடுவுல போறீங்க. இங்க எல்லாரும் கதவைச் சாத்திட்டுத் தூங்கறாங்க. தீப்பிடிக்குது. எல்லாரையும் இறக்கிடுவீங்களா?"

இன்ஜின்காரர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் வாயைத் திறந்து, பல் தெரிய, ‘முழுப் பாதுகாப்பு’ என்று ஓசையில்லாமல் உதட்டை அசைத்துக் காட்டினார். இன்ஜின்காரர் பார்வை அவரைத் தாண்டி அக்காவிடம் வந்தது.

ஒரு தலையாட்டல் போதும் என்று அக்காவுக்குத் தெரிந்தது. அவள் ஆட்டினால் அவர் சொல்லிவிடுவார். அவர் சொன்னால் இந்த மனிதர் நம்பினாலும் நம்பலாம். மண் அள்ளும் கப்பல் போய்த் தொலையும். கையிலிருந்த விரிப்புகள் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன. அன்றைக்கு வாசலில் அவள் அள்ளிக் கொடுத்ததும் இதே அகலம், இதே சூடு.

"உள்ளதைச் சொல்லுங்க" என்றாள்.

இன்ஜின்காரர் தலைவர் பக்கம் திரும்பினார். "ராத்திரின்னா முடியாது சார். பாதிப்பேரை இறக்கலாம். இத்தனை வருஷமா ஒவ்வொரு ராத்திரியும் பயந்துக்கிட்டேதான் ஓட்டறேன். படகுல நான் கண்ணை மூடினதே இல்லை."

இது அக்காவுக்கே புதுச் செய்தி. இத்தனை காலம் அவர் வீட்டுக்கு வந்து பகலில் மாடு மாதிரித் தூங்குவதைப் பார்த்து, "அங்கேயும் தூக்கம், இங்கேயும் தூக்கம்" என்று திட்டியிருக்கிறாள்.

"பகல்ல?" என்றார் தலைவர்.

"பகல்ல எல்லாரும் முழிச்சிருப்பாங்க. கரை கண்ணு முன்னால இருக்கும். அடி தட்டையான படகு சார். சக்கரத்தைத் திருப்பிவிட்டு எந்த மணல்திட்டுலயும் ஏத்தி உட்கார வெச்சிடுவேன். பகல்ல எனக்குப் பயம் இல்லை."

தலைவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

டாக்டர் அங்கேயே ஒரு கேபின் படுக்கையில் உட்கார்ந்துவிட்டார். "முடிஞ்சுது. நாமளே குழி வெட்டி நாமளே படுத்துக்கிட்டோம். ஏம்மா, உங்க படகு, உங்க புருஷன், உங்க பொழப்பு. ‘உள்ளதைச் சொல்லுங்க’ளாம்!"

"எழுந்திரிங்க டாக்டர்" என்றாள் அக்கா. "விரிப்பு மாத்தணும்."

அடுத்து வந்த நாட்கள் நகரவில்லை. இன்ஜின்காரர் துறைமுகத்துக்குப் போட்டுக்கொள்ளத் தடித்த பூட்ஸ் வாங்கி வந்தார். அக்கா அதைக் கட்டிலுக்கு அடியில், கண்ணில் படாத மூலைக்குத் தள்ளினாள். இரவில் அவர் படகில் இருக்கும்போது, இந்நேரம் அவரும் விழித்துக்கொண்டுதான் இருப்பார் என்ற எண்ணம் அவளுக்குப் புதிதாக வந்து சேர்ந்தது.

சபை கலைவதற்குச் சில நாள் முன்பு, டாக்டர் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கடைக்கு ஓடி வந்தார். நாற்காலியில் யாரையோ வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். தலைவர் விஷயத்தை விவாதத்துக்கு எடுத்துவிட்டார். விலக்கு உண்டு. ஆனால் பகலில் மட்டும். இருட்டுவதற்குள் துறையில் கட்டிவிட வேண்டும். மேல்தளத்துக் கேபின்களைப் பிரித்தெடுத்து, இரண்டு பக்கமும் திறந்த தளமாக ஆக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் காத்திருப்பு அறையில் ஒரே சத்தம். பாதிப்பேருக்கு மகிழ்ச்சி, பாதிப்பேருக்குக் கோபம்.

"கேபின் இல்லாம சக்கரக்காரியா? பல்லைப் பூராப் பிடுங்கிட்டு சிரின்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றார் டாக்டர். இன்னொரு மனு கொடுக்கலாம், முழு விலக்கு கேட்கலாம் என்று ஒரு மூலையில் பேச்சு எழுந்தது.

நாத்தனார் அக்காவின் காதோரம் சாய்ந்தாள். "அண்ணி, கேபின் போனா விரிப்பு போச்சு. விரிப்பு போனா நம்ம கடையில பாதி போச்சு. புரியுதுல்ல?"

"அறிவிப்பைக் கேட்டப்பவே புரிஞ்சுது."

"வாயை மூடிட்டு உட்கார்ந்திருக்கே?"

"யோசிக்கறேன்" என்றாள் அக்கா. பிறகு எழுந்தாள். கூட்டத்தில் எழுந்து பேசி அவளுக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"படகு ஓடணும்னு கேட்டோம். ஓடுங்கறார். அதுக்கு மேல கேட்டா, ராத்திரி தூங்கறவங்க உயிரைப் பணயம் வெச்சுத்தான் கேட்கணும். என் வீட்டுக்காரர் இத்தனை வருஷம் தூங்காம ஓட்டினார்னு எனக்கு இப்பத்தான் தெரியும். இதை வாங்கிக்குவோம். மனு எழுதற கையால ஒரு நன்றி எழுதிட்டு, வீட்டுக்குப் போவோம்."

பின்வரிசையிலிருந்து படகுச்சீட்டு கிழிப்பவர், "விரிப்புத் துணி போகுதே உங்களுக்கு?" என்று கேட்டார்.

"போகுது" என்றாள். "மேசைத்துணி வராமலா போயிடும்? பகல்ல வர்றவங்க சாப்பிடத்தானே செய்வாங்க."

"அதுல கறை அதிகமாச்சே" என்று நாத்தனார் முனகினாள். அறையே சிரித்தது. மனு கொடுக்கும் பேச்சு அந்தச் சிரிப்போடு கரைந்தது.

ஓட்டெடுப்பை அக்காவும் நாத்தனாரும் கடை ரேடியோவில் கேட்டார்கள். தீர்மானத்தைத் தலைவரே கொண்டுவந்தார். நீளமாகப் பேசவில்லை. "இந்த விஷயத்தில் என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் படகு பாதுகாப்பானது என்றார்கள். ஒருவர் மட்டும் எப்போது பாதுகாப்பு, எப்போது இல்லை என்று சொன்னார். அவரை நம்பி இதைக் கொண்டுவருகிறேன்" என்றார். எதிர்ப்பு மிகக் குறைவு. மணி அடித்தது. தீர்மானம் நிறைவேறியது.

நாத்தனார் ஈரக் கையோடு அண்ணியைக் கட்டிக்கொண்டாள். இருவர் புடவையும் கஞ்சி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், "இனி எல்லாருக்கும் நன்றிச் சீட்டுதானே? எதிர்த்து ஓட்டுப் போட்டவங்களுக்கு?"

"அவங்களுக்கும் வை."

"கஞ்சி கொஞ்சம் தூக்கலா போடட்டுமா? கழுத்துல உரசட்டும்."

"வாயை மூடிட்டு வை."

தலைவரின் சட்டைகளை அக்கா தானே எடுத்துக்கொண்டாள். உதிர்ந்த தையலுக்குப் பதிலாகப் புது நூலில் ஒன்று போட்டாள். பழைய பச்சை பக்கத்தில் வெளிறியிருந்தது. அந்தப் பொட்டலத்தில் சீட்டு எதுவும் வைக்கவில்லை. அவரிடம்தான் ஒன்று இருக்கிறதே. அது இன்னும் அவர் சட்டைப் பையிலேயே இருந்து, ஒருநாள் அழுக்குத் துணியோடு கடைக்கே திரும்பி வந்துவிடுமோ என்று ஒவ்வொரு வாரமும் பைகளைத் துழாவுவாள். வரவில்லை.

கேபின்களைப் பிரித்த நாளில் கம்பெனிக்காரர்கள் விரிப்புகளை மொத்தமாகக் கடையில் இறக்கிவிட்டுப் போனார்கள். இனி அவர்களுக்கு உபயோகமில்லை, வேண்டுமானால் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வருஷக்கணக்காக வெளுத்து வெளுத்துப் பட்டுப்போல மென்மையாகியிருந்த துணி. துடைக்கவா? அக்காவுக்கு மனசு வரவில்லை. இரண்டிரண்டாக எடுத்து, நீளவாக்கில் சேர்த்து, நடுவே தையல் போட்டாள். இரட்டைக் கட்டிலுக்குச் சரியான அகலம் வந்தது.

இப்போது சக்கரக்காரி காலையில் பாதி வழிவரை போய்ச் சாயங்காலம் வருகிறது. துறைக்குள் நுழையும்போது ஒரு கூவல் கூவும். அக்கா இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு மாடி வீட்டுக்குப் போவாள். சற்று நேரத்தில் இன்ஜின்காரர் எண்ணெய் வாசனையோடு படியேறி வருவார். சாப்பிடுவார், மகளோடு ஆஸ்பத்திரிக் கதை பேசுவார், படுத்ததும் தூங்கிவிடுவார். கட்டிலுக்கு அடியில் அந்தப் பூட்ஸ் விலை போட்ட தாளோடு இன்னும் கிடக்கிறது. மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். இன்ஜின் அருகே ஓர் ஆள் அகலப் படுக்கையில் உட்கார்ந்தே ஆயுளைக் கழித்தவர், இத்தனை இடம் இருந்தும் சுவரோரமாக ஒருக்களித்து, கையைக் காலை ஒடுக்கிக்கொண்டுதான் தூங்குகிறார். நடுவில் இருக்கும் தையலைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதே இல்லை. குறட்டை மட்டும் தாராளமாக வருகிறது.

"ஏன் அண்ணி, கண்ணெல்லாம் செவந்திருக்கு, தூங்கலையா?" என்று காலையில் நாத்தனார் கேட்பாள்.

"உங்க அண்ணன் தூங்கறார்" என்பாள் அக்கா, இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டே. "இத்தனை வருஷக் கடன் தூக்கம். தூங்கட்டும்."